வீட்டை நீயே வெச்சுக்கோ

முதல் நாள் வேலைக்குப் போனபோது நோயாளியின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு டிரம் செட் இருந்தது. அதன் மேல் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் பாதி தின்ற பன்றிக்கறி. பக்கவாதம் வந்து ஐந்து வாரமான பெண்ணின் அறையில் என்னென்ன இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு, வீட்டில் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனியாகப் பயிற்சியும் எடுத்தேன். அந்தப் பயிற்சியில் டிரம் செட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"இதை வெளியே எடு," என்றேன்.

"நீங்க எங்கம்மாவைப் பார்க்க வந்தீங்களா, வீட்டுச் சாமானைப் பார்க்க வந்தீங்களா?"

கதவில் சாய்ந்துகொண்டு கேட்டவள்தான் இபான். பதினேழு வயது. தலையில் ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வெட்டியிருந்தாள். பள்ளிச் சீருடைப் பாவாடைக்குக் கீழே ஆண்கள் போடும் பூட்ஸ். ஜன்னல் திட்டில் இன்னொருத்தி கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் டாரி. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"இங்க வயசுல மூத்த பொம்பளைங்களைக் கொங்னு கூப்பிடுவாங்க. அதையாவது யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்றேன்.

"சொல்லிக் குடுத்தாங்க கொங். நாங்கதான் கத்துக்கல."

அவர்களுடைய இசைக்குழுவின் பெயரே அதுதான். 'க்லெம் அகோர்.' வளர்ப்பு சரியில்லாத பிள்ளைகளை எங்கள் ஊரில் அப்படித்தான் வைவோம். பதினைந்து வயதில் இருவரும் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் மெதுவாகப் பாட வேண்டிய ஒரு பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் பாடி, நடுவில் கூச்சலும் போட்டார்கள். குழுவை நடத்தியவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "க்லெம் அகோர்! வெளியே போங்க!" என்றாராம். வெளியே போன இருவரும் படியில் உட்கார்ந்து, பெயர் நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். ஷில்லாங்கில் தெருவுக்கு ஒரு ராக் குழு உண்டு. பெரும்பாலும் நீள முடி வைத்த ஆண்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கிடார் வாசிப்பார்கள். இந்த இரண்டு பெண்களின் பாட்டு எதுவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. கிடாரில் மூன்றே கார்டு, ஒரு வேகம், நிறையத் திட்டு. கணக்கு டீச்சரைத் திட்டி ஒன்று, மழையைத் திட்டி ஒன்று, டாரியின் அண்ணன் குளியலறையில் கழிக்கும் நேரத்தைத் திட்டி ஒன்று.

இபானின் அம்மா தெய்லின் லைதும்க்ராவில் சோறும் பன்றிக்கறியும் விற்கும் கடை வைத்திருந்தாள். பெரிய கைகள், பெரிய குரல். நாலு பிள்ளைகள். மூத்தவள் மெரிசா அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கணவன், இரண்டு பிள்ளைகளோடு நோங்தைம்மையில் தனிக்குடித்தனம். நடுவில் இரண்டு பையன்கள், எங்கள் வழக்கப்படி மனைவிகளின் வீட்டில். அவர்களுக்கெல்லாம் பல வருடம் கழித்து, இனி இல்லை என்று நினைத்திருந்தபோது பிறந்தவள் இபான். கடைக்குட்டிப் பெண். எங்கள் இனத்தில் வீடு கடைக்குட்டி மகளுக்குத்தான். வீட்டோடு அம்மாவும். தெய்லின் கடையில் விழுந்த அன்று மற்ற மூவரும் ஓடிவந்தார்கள், அழுதார்கள், ஆஸ்பத்திரியில் ஆளுக்கு இரண்டு நாள் இருந்தார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. வீடு எவளுக்கோ, பெட்பேனும் அவளுக்குத்தான்.

பள்ளி முடிந்தால் இபான் வீட்டை விட்டு நகர முடியாது. அதனால் குழு அவளிடம் வந்தது. டிரம் நோயாளியின் அறைக்கு வந்ததும் அப்படித்தான். மற்ற அறைகளில் கூரை ஒழுகியது.

நான் அதை மூன்று நாளில் வெளியேற்றிவிடுவதாக இருந்தேன். தெய்லினுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மூளைக்கு ஓய்வு வேண்டும், சத்தம் ஆகாது என்று இபானிடம் சொன்னேன். அவள் டிரம்மின் மேல் போர்வையைப் போட்டுவிட்டு அடித்தாள். ஜூன் மாத மழை தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லைதான். ஆனால் விதி விதிதான். நாலாம் நாள் போர்வையோடு அதைத் தூக்கப் போனபோது தெய்லினின் வலது கையைப் பார்த்தேன். மூன்று நாளாக அந்தக் கையில் ரப்பர் பந்தை வைத்து அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு விரலும் அசைந்ததில்லை. இப்போது ஆள்காட்டி விரல் மெத்தையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இல்லை, ஒன்று விட்டு ஒன்று.

டிரம்மை எடுத்த இடத்திலேயே வைத்தேன். நான் சொன்னது தப்பு, அவ்வளவுதான்.

இபான் அதைக் கவனித்துவிட்டாள். ஒரு பழைய குச்சியை அம்மாவின் வலது கையில் வைத்து கிரேப் பேண்டேஜால் சுற்றினாள். மடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்தாள்.

"ரெண்டாவது அடிக்கு மட்டும் அடி. புரியுதா? நீ தப்பா அடிச்சா பாட்டே நாறிடும்."

தெய்லின் முறைத்தாள்.

"முறைச்சா? நீதான என்னைப் பாடகர் குழுவுக்கு அனுப்பின? அனுபவி."

என் பயிற்சியில் நோயாளியிடம் கனிவாகப் பேசச் சொன்னார்கள். இபானுக்குக் கனிவு வராது. "வாயைத் தொற, நான் பஸ்ஸைப் புடிக்கணும்," என்பாள். "இந்தக் கையால புடி. அந்தக் கை இல்ல, சோம்பேறிக் கை." அம்மாவின் கோபம் வலது தோளில் ஏறும், தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கும். ஆறு வாரத்தில் அவள் ஒரு கரண்டியைப் பிடித்தாள்.

அந்தப் பாட்டு வந்தது ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்த தட்டைத் தானே நீட்டும்படி இபான் அம்மாவிடம் சொன்னாள். தெய்லின் களைத்திருந்தாள். தட்டைச் சுவரில் எறிந்தாள். சோறு டிரம் முழுவதும் சிதறியது. பிறகு நல்ல கையால் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து இபானின் மேல் எறிந்தாள். தட்டைக் காட்டினாள், சாவியைக் காட்டினாள், மகளைக் காட்டினாள். பேச்சில்லாவிட்டாலும் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. வீடு உனக்கென்றால் இதைக் கழுவுவதும் நீதான்.

இபான் கத்தினாள். "தட்டை நீயே கழுவு! வீட்டை நீயே வெச்சுக்கோ!"

ஜன்னலில் இருந்த டாரி தலை தூக்கினாள். "திரும்பச் சொல்லு," என்றாள்.

"என்னது?"

"இப்பக் கத்துனியே, அதையே திரும்பக் கத்து."

அவள் மூன்று கார்டு அடித்தாள். இபான் திரும்பக் கத்தினாள். நான் சுவரிலிருந்து சோற்றை வழித்துக்கொண்டிருந்தேன். வழித்து முடிப்பதற்குள் பாட்டு முடிந்திருந்தது.

தட்டை நீயே கழுவு,
வீட்டை நீயே வெச்சுக்கோ!
சாவியைத் தூக்கிப் போட்டேன்,
சாக்கடையில தேடிக்கோ!

மறுநாள் டாரி அலமாரி மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றினாள். இபான் டிரம்மில், டாரி கட்டில் விளிம்பில், நடுவில் தெய்லின் தலையணைகளுக்கு மேல் நிமிர்ந்து, மகளைக் கொன்றுவிடுவது போலப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது அடிக்கெல்லாம் தட்டில் ஒரு போடு. ஓரத்தில் என் முழங்கையும் கொஞ்சம் தெரியும்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கடைக்குட்டி இருக்கிறாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பள்ளிப் பெண்கள் பேருந்தில் பாடினார்கள். என் அக்காவின் கடைசி மகள், நாற்பத்தைந்து வயது, அம்மா வீட்டுப் பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள். வானொலியில் வந்தது. செப்டம்பரில் இரண்டு கல்லூரிகளில் கூப்பிட்டார்கள். இபான் திரும்பி வரும் வரை நான் கூடுதலாக இருந்து பார்த்துக்கொண்டேன். அக்டோபரில், ஊரில் நவம்பர்தோறும் நடக்கும் இசை விழாவிலிருந்து கடிதம் வந்தது. மைதானத்தில் பெரிய மேடை, மாலை ஐந்து மணி. அந்த மேடை ஏறியவர்களைத்தான் பிறகு வெளியூரில் கூப்பிடுவார்கள்.

கடிதம் வந்த வாரமே பர்லிங்டன் மாமா குடும்பக் கூட்டம் கூட்டினார்.

அவர் தெய்லினின் அண்ணன், தேவாலயத்தில் மூப்பர். எங்களில் தாய்மாமன் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து கோட்டோடு வந்தார். ஜெபம் செய்தார். வெற்றிலை பாக்குத் தட்டு சுற்றி வந்தது. மெரிசா அவருக்குப் பக்கத்தில், இரண்டு பையன்களும் சுவரோரம். நான் தெய்லினை நாற்காலியில் உட்காரவைத்து, விழாமல் துண்டால் கட்டியிருந்தேன்.

"உனக்கு வீடு வேண்டாம்னு சொல்லிட்டே," என்றார் மாமா.

"எப்ப சொன்னேன்?"

"எட்டு லட்சம் பேர் கேட்டிருக்காங்க."

"மாமா, அது பாட்டு."

"பாட்டுன்னா? நாம ஞாயித்துக்கிழமை பாடுறதும் பாட்டுதான். அதுல சொல்றதெல்லாம் சும்மாவா?"

எங்கள் ஊரில் நாலு குரலில் பாடத் தெரியாத பிள்ளை இல்லை. வாயால் சொல்வதை விட எழுந்து நின்று பாடுவதுதான் பெரிய சத்தியம் என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். மாமா கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே, அவர் மருமகள் ஊரைக் கூட்டிச் சாட்சி வைத்து வீட்டைத் துறந்துவிட்டாள் என்றுதான் நம்பினார். மெரிசாவும் நம்பினாள்.

"கடைக்குட்டி வேண்டாம்னா அடுத்தது நான். அதானே முறை? ஆசைப்பட்டுச் சொல்லல. முறையைச் சொல்றேன்," என்றாள் மெரிசா. அவள் கண் மட்டும் ஜன்னல் திரையை அளந்துகொண்டிருந்தது.

மாமா ஒரு வழி சொன்னார். "நவம்பர் மேடையில அந்தப் பாட்டைப் பாடக் கூடாது. மைக்கைப் புடிச்சு, தப்பாச் சொல்லிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொன்னா வீடு உனக்கு. பாடினா மெரிசாவுக்கு."

தெய்லினை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் கிடைத்திருக்காது. அவளுக்கு அப்போது தலையசைப்பில் ஆமாம் எது, இல்லை எது என்பதே குழம்பும்.

சமையலறையில், எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த எள் போட்ட பன்றிக்கறியை டாரி சட்டியோடு காலி செய்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேட்டேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். மௌலாய்ல ஒருத்தன் இருக்கான். டபுள் பெடல் வெச்சிருக்கான்."

"போடி. அவனுக்கு நாலு வரைக்கும் எண்ணவே வராது."

"உனக்கு மட்டும் வருமா? வீட்டுக்காரி."

"இன்னொரு தடவை வீட்டுக்காரின்னு சொல்லு, சட்டி உன் தலையில இருக்கும்."

நான் சட்டியை வாங்கி வைத்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன். "பாட்டு இன்னொண்ணு எழுதிக்கலாம். தலைக்கு மேல கூரை இன்னொண்ணு எழுத முடியாது. மாமா சொன்னபடி சொல்லிட்டுப் போ."

"அம்மா கையைத் தூக்கறது அந்த ஒரு பாட்டுக்குத்தான் கொங். வேற எதுக்கும் தூக்க மாட்டேங்கறா. அதை நானே தப்புன்னு சொல்லிட்டு வந்து, அப்புறம் எந்த மூஞ்சியோட அவளை அடிக்கச் சொல்றது?"

அப்போதும் அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த மூன்று வாரமும் கத்தினாள், பள்ளிக்கு மட்டம் போட்டாள், டாரியோடு இரண்டு முறை பேச்சை நிறுத்தினாள். ஒரு நாள் கூரையில் ஏறி ஒழுகும் தகரத்துக்குத் தார் பூசினாள். இழக்கப் போகும் வீட்டுக்கு யாரும் தார் பூச மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் தப்பு.

விழா நாளில் நானும் தெய்லினும் செல்போனில் நேரலையாகப் பார்த்தோம். மாமா மேடைக்கு நேர் முன்னால், கோட்டும் குடையுமாக நின்றிருந்தார். இபான் டிரம்மை விட்டு எழுந்து மைக்குக்கு வந்தாள்.

"எங்க மாமா வந்திருக்கார். அவருக்கு ஒண்ணு சொல்லணும்."

மாமா தொப்பியைக் கழற்றினார்.

"மாமா, காதைப் பொத்திக்கோங்க."

டாரி முதல் கார்டை அடித்தாள். பத்தாயிரம் பெண்கள் கூடவே பாடிச் சாவியைச் சாக்கடையில் போட்டார்கள். தெய்லின் தட்டில் அடித்தாள். ஒரு அடிகூடத் தவறவில்லை.

திங்கட்கிழமை மெரிசா குடும்பத்தோடு வந்தாள். இபான் டிரம்மைச் சிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு டாரியின் மாமாவின் கார் பட்டறைக்குப் போனாள். போகும்போது சாவிக்கொத்தை அக்காவின் கையில் வைத்தாள். எறியவில்லை. "வலது கையில குடு, எதுன்னாலும் வலது கையில குடு," என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே குவாஹாத்தியிலிருந்து அழைப்பு வந்தது, பிறகு திமாப்பூர், பிறகு கோஹிமா. பத்தொன்பது நாளில் ஏழு மேடை.

மெரிசா கெட்டவள் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அறையைத் துடைத்தாள், புதுத் திரை போட்டாள், பூ வைத்தாள். அம்மாவைக் குழந்தை மாதிரி கொஞ்சினாள். "ஆ காட்டும்மா, என் தங்கம்ல?" என்று தானே ஊட்டினாள். தட்டையும் குச்சியையும் எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாமாம். நான் இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை. பத்தாம் நாள் தெய்லினின் வலது கை விரல்கள் உள்ளே மடங்க ஆரம்பித்தன. பன்னிரண்டாம் நாள் அவள் வாயைத் திறக்க மறுத்தாள். பதினைந்தாம் நாள் ஊட்ட வந்த கஞ்சியை மெரிசாவின் முகத்திலேயே துப்பினாள். பதினேழாம் நாள் தூக்கி உட்காரவைக்கும்போது மெரிசாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கொங் ஃபில்டா, நீங்க ராத்திரியும் இங்கேயே இருந்துடுங்களேன்."

"மாட்டேன். எனக்கும் ஒரு இடுப்புதான் இருக்கு."

இரண்டு நாள் கழித்து, அம்மாவுக்குக் காவலாகக் கணவனை உட்காரவைத்துவிட்டு, என்னையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வாசலில் டிரம் சத்தம் கேட்டது. உள்ளே போனோம். நிறுத்தினார்கள்.

"உன் வீட்டை நீயே வெச்சுக்கோ," என்றாள் மெரிசா, இடுப்பைப் பிடித்தபடி.

டாரி சிரித்துவிட்டாள். "மெரிசா கொங், இன்னும் கொஞ்சம் வேகமாப் பாடணும்."

"நீ வாயை மூடு. எங்கம்மாவை இவ என்ன பண்ணி வெச்சிருக்கா? நான் ஊட்டினா துப்புறா. இவ திட்டினா திங்குறா."

"கை எப்படி இருக்கு?" என்று இபான் என்னிடம் கேட்டாள்.

"மடங்கிப் போச்சு."

அவள் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. குச்சிகளை எடுத்துப் பையில் போட்டாள், பிறகு நின்றாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேரம் பேசினாள்.

"வர்றேன். ஆனா வாரத்துல ரெண்டு நாள் நீ. அண்ணனுங்க ஆளுக்கு ஒரு நாள். நான் வெளியூர் போனா நீங்க மூணு பேரும் பிரிச்சுக்கணும். பாட்டு இருக்கும். டிரம் அதே ரூம்ல இருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாமா."

"மாமாவா? அவர் எப்படி? ஆம்பளை, மூப்பர் வேற."

"அவருக்குக் கை இருக்குல்ல?"

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். இப்படி ஒரு முறை எந்தக் குடும்பத்திலும் இல்லை என்று அரை மணி நேரம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே அவருடைய கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். தங்கையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று காட்டினேன்.

"முழங்காலை மடக்குங்க. முதுகை இல்ல. அவளைத் தூக்காதீங்க, அவ எழுந்திரிக்கறா, நீங்க கூட நிக்கறீங்க, அவ்வளவுதான்."

மூன்றாவது வாரம் ஒழுங்காகச் செய்தார். நல்ல முழங்கால். சாவிக்கொத்து இபானிடம் திரும்பி வந்தது. யாரும் ஜெபம் செய்யவில்லை, பாக்கும் வைக்கவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. க்லெம் அகோர் இப்போது கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாசித்துவிட்டார்கள். போன மார்ச்சில் மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல், அண்ணன்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒரு பெரிய மேடை கைவிட்டுப் போனது. டாரி ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அதையும் பாட்டாக்கினார்கள், அண்ணன்களைத் திட்டி. மெரிசா தன் இரண்டு நாளைத் தவறாமல் செய்கிறாள். கொஞ்சுவதை விட்டுவிட்டாள். ஆனால் டாரியோடு இன்னும் பேசுவதில்லை. தெய்லினுக்குப் பேச்சு வரவில்லை. வராது என்று நினைக்கிறேன். கை வந்தது, முழுக்க இல்லை.

போன வாரம் சாப்பிட்டு முடித்ததும் தெய்லின் தானாகவே கோலை ஊன்றிக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனாள். வலது கையில் தட்டு, அந்தக் கை ஆடியது. ஒரு தட்டைக் கழுவப் பதினோரு நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை கீழே விழுந்து உருண்டது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"கொங், கையை எடுங்க," என்றாள் இபான். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பன்றிக்கறி தின்றுகொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம் சொன்னாள்.

"அடியில சோப்பு இருக்கு. இன்னொரு தடவை அலசு."